அசனம் முடிந்த மறுநாள்: சேகரக் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலங்களில், சில சபைகள் சேர்ந்து ஒரு குருவானவரின் கீழ் நடக்கிற சேகரங்களின் தலைவர்களுக்கும், சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும், அசனக் கமிட்டியாருக்கும், மாதர் சங்கத்து அம்மாமார்களுக்கும்,

இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துதல்கள்.

பண்டிகைக் காலம் நெருங்குகிறது. அசனத்துக்கு, அதாவது ஆலயத்தில் ஊருக்கெல்லாம் போடுகிற பந்திக்கு, எத்தனை மூட்டை அரிசி, எத்தனை கிடா, எந்த ஊர் சமையல்காரர் என்று கமிட்டிகள் கூடிக் கணக்குப் போடத் தொடங்கியிருப்பீர்கள். அந்தக் கணக்கோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துப் போடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். வருஷத்தில் ஒரு நாள் ஊரையே உட்கார வைத்துச் சோறு போடுகிற நம் சபைகள், அசனம் முடிந்த மறுநாள் தங்கள் எல்லைக்குள் அடுப்பு எரியாத வீடு எது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்த வீட்டுக்குச் சாப்பாடு போய்ச் சேரவும் வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

அசனத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. நம் ஊர்களில் அதைப்போல் ஒரு நல்ல காரியம் வேறு எதுவுமில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒருவர் அரிசி தருகிறார், ஒருவர் கிடா நேர்ந்து விடுகிறார், தென்னந்தோப்பு வைத்திருப்பவர் தேங்காய் இறக்கிக் கொடுக்கிறார். சென்னையிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள். முந்தின நாள் ராத்திரி பூராவும் பெண்கள் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார்கள், ஆண்கள் வார்ப்பைச் சுற்றி நின்று துடுப்புப் போடுகிறார்கள். காலையில் ஆராதனை முடிந்து ஜெபித்துப் பந்தியைத் திறந்தால், கோயிலுக்குப் போகிறவரும் பள்ளிவாசலுக்குப் போகிறவரும் நம்மோடு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போகிறவரை யாரும் ஏனென்று கேட்பதில்லை. யார் வந்தாலும் சோறு உண்டு என்ற அந்த வழக்கத்தை நம் முன்னோர்கள் நமக்கு விட்டுப்போனார்கள். அதன் மேல்தான் நான் சொல்லப்போகிற எல்லாம் நிற்கிறது.

நம் சபைகள் செய்கிற மற்ற உணவு உதவி எப்படி நடக்கிறது? பெரும்பாலும் ஐந்து கிலோ, பத்து கிலோ அரிசிப் பை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் பெயர் வாசித்துக் கொடுக்கிறோம். கொடுக்கிறவர்களின் மனது நல்ல மனது. ஆனால் இன்றைக்கு நம் ஊரில் பசி எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் கொடுக்கிறோம். தமிழ்நாட்டில் அரிசி கார்டுக்கு ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. பள்ளிக்கூடத்தில் மத்தியான சாப்பாடு உண்டு. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டே மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. அதனால் அரிசியே இல்லாத வீடு என்பது நம் பக்கத்தில் அபூர்வம். அரிசி இருந்தும் சமைத்துச் சாப்பிட முடியாத வீடுகள்தான் இப்போது நிறைய.

உங்கள் சேகரத்துக்குள் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு வீடு வீடாக யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருக்க, தனியாகக் கிடக்கிற ஆச்சி. முட்டு வலியால் அடுப்படியில் நிற்க முடியாது. காலையில் வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு மூன்று வேளையும் அதையே சாப்பிடுகிறாள். பனையேறி உடம்பு தேய்ந்துபோன தாத்தா, முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயில் மருந்து வாங்கியது போக மிச்சத்துக்குப் பருப்பு வாங்கலாமா எண்ணெய் வாங்கலாமா என்று பார்க்கிறார். புருஷன் குடித்தே செத்துப்போன வீட்டில் சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு விடியுமுன்னே பீடிக் கடைக்கோ செங்கல் சூளைக்கோ ஓடுகிற தாய் இருக்கிறாள். இவர்களுக்கு வேண்டியது இன்னொரு அரிசிப் பை இல்லை. பருப்பு, முட்டை, எண்ணெய், பால் வேண்டும். ஆச்சிக்கு வேண்டியது அதுவும் இல்லை, சமைத்த சாப்பாடும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு ஆளும்.

எப்போது கொடுக்கிறோம் என்பதும் இதில் சேரும். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத் தொழிலாளிகளைக் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்திகள் கரைந்துபோகும், வேலை நின்றுவிடும். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் கையில் காசு நடமாட்டம் இருக்காது. இதைப் புரிந்துகொண்டுதான் அரசாங்கமே 2021-ல் அந்த மாதங்களுக்கென 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. டிசம்பர் கடைசியில் ஒரு பை கொடுப்பதைவிட, மழை தொடங்கும்போதே கடைக்காரரிடம் பேசி, அந்தக் குடும்பங்களுக்கு வாரா வாரம் பருப்பும் எண்ணெயும் போக ஏற்பாடு செய்தால் கந்து வட்டிக்காரனிடம் அவர்கள் போய் நிற்க வேண்டியிருக்காது. அதேபோல் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சாப்பாடு இல்லாமல் போவது மே மாதத்தில். அதே மாதத்தில்தான் நாம் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிறோம். பிள்ளைகள் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்து அனுப்பாமல், அந்த நாட்களில் ஆலய வளாகத்திலேயே ஒரு வேளை நல்ல சாப்பாடு போடுங்கள். முட்டையோடு போடுங்கள். நம் பிள்ளைகள் மட்டுமல்ல, தெருவில் நிற்கிற பிள்ளைகளும் வரட்டும்.

பெரிய நிறுவனங்கள் செய்யட்டுமே, நாம் ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18-ஐ நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை கொள்ளாமல் போனது, குளங்கள் உடைந்தன, ஏரல் பாலம் துண்டானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு நின்றுவிட்டது. அவர்களுக்கு முதலில் சோறு பொங்கிப் போட்டவர்கள் பக்கத்து மேலப்புதுக்குடி ஜனங்கள். தங்கள் ஊரே தண்ணீரில் கிடக்கும்போது வீட்டில் இருந்த அரிசியை எடுத்து வந்து சமைத்தார்கள். ஹெலிகாப்டர் வந்தது அதற்குப் பிறகுதான். லாரிகளில் நிவாரணம் நிறையவே வந்தது. வந்தவர்கள் நல்லவர்கள். ஆனால் எந்தத் தெருவின் கடைசியில் கண் தெரியாத பெரியம்மா இருக்கிறாள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? சபை ஊழியருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவள் எந்தப் பெஞ்சில் உட்காருவாள் என்று தெரிந்தவருக்கு, அவள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்றும் தெரியும். உள்ளூர் சபைக்கு இருக்கிற இந்த அறிவை எந்த நிறுவனமும் பணம் கொடுத்து வாங்க முடியாது. அந்த அறிவை நாம் சபையாரோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஆலய மணி கேட்கிற தூரத்தில் இருக்கிற எல்லோரும் நம் விசாரணைக்கு, அதாவது பராமரிப்புக்கு, உட்பட்டவர்களே.

நம் மண்ணில் பிறந்த ஒருவர் இதை நூறு வருஷத்துக்கு முன்பே உலகத்துக்குச் சொன்னார். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வி.எஸ். அசரியாவை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோது முன்னின்றவர், இன்றைய தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கல்லுக்கு மிஷனெரியாகப் போனவர், 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. அங்கே வெள்ளைக்கார மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே அவர் பேசினார். ஏழைகளைப் போஷிக்க உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். மண்டபத்தில் இருந்த பலருக்கு அது கசந்தது. கொரிந்தியருக்கு எழுதின நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தை எடுத்துத்தான் அவர் அப்படிப் பேசினார். எனக்கு உண்டான யாவற்றையும் அன்னதானம் பண்ணினாலும் அன்பு எனக்கிராவிட்டால் பிரயோஜனம் ஒன்றுமில்லை என்று பவுல் எழுதியதை நம் வீட்டுக் கல்யாணங்களில் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்!

அன்று கொடுக்கிற இடத்தில் வெள்ளைக்காரர் இருந்தார்கள், கேட்கிற இடத்தில் நாம் இருந்தோம். இன்று கொடுக்கிற இடத்தில் நாம் இருக்கிறோம். நம்மிடம் வாங்குகிறவர் நம்மைப் பார்த்து அசரியா கேட்டதையே கேட்டால் என்ன பதில் சொல்வோம்? மேடை போட்டு, வரிசையில் நிற்க வைத்து, பையின் ஒரு முனையைக் கமிட்டியாரும் மறு முனையை விதவைத் தாயும் பிடித்துக்கொண்டிருக்கப் போட்டோ எடுத்து, அதை வாட்ஸ்அப்பில் போடுகிறோம். அந்தத் தாயின் மருமகன் வீட்டார் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் பேத்தியை யாராவது ஒரு வார்த்தை சொல்லுவார்கள். நண்பருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு அவரை யாரும் இப்படிப் படம் எடுப்பதில்லை. தயவுசெய்து இந்த வருஷம் முதல் வாங்குகிறவர் முகம் எந்தப் படத்திலும் வரக் கூடாது என்று கமிட்டியில் தீர்மானம் போடுங்கள். நன்கொடையாளருக்குக் கணக்குத்தான் காட்ட வேண்டும். முகத்தைக் காட்ட வேண்டியதில்லை.

அடுத்தது கொஞ்சம் கடினமான விஷயம். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைத் தின்றது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க அரசாங்கம் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். அரைக் கிலோகூட வராத தானியத்துக்கு நாள் பூராவும் கல்லுடைத்து ஜனங்கள் செத்தார்கள். மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராக இருந்த கார்னிஷ் என்ற டாக்டரே அதை எதிர்த்து வாதாடினார். அந்தக் காலத்தில் நம் மிஷன் நிலையங்கள் கஞ்சி ஊற்றின, இங்கிலாந்திலிருந்து வந்த நிதியைக் கிராமங்களுக்குக் கொண்டுபோயின. அதே காலத்தில் திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானோர் திருச்சபையைத் தேடி வந்தார்கள். பஞ்சம் தீர்ந்தபின் அவர்களில் பலர் திரும்பியும் போனார்கள். அரிசிக்காகக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர்கள் என்ற பேச்சு அதிலிருந்து இன்றுவரை நம்மைத் தொடர்கிறது.

நம் முன்னோர் அரிசிக்கு விசுவாசத்தை விற்றவர்கள் என்று நான் நம்பவில்லை. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவர்கள் நடுவில் தங்களை மனுஷராக நடத்திய ஓர் இடத்தை அவர்கள் கண்டார்கள். நாசரேத்தில் மிஷனெரி மர்காஷிஸ் ஐயர் செய்ததைப் பாருங்கள். பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுவதோடு அவர் நிற்கவில்லை. தங்க இடம் கொடுத்தார், 1878-ல் தொழிற்பள்ளி தொடங்கித் தச்சும் தையலும் கையில் கொடுத்தார். அந்த ஊர் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று நீங்களே பார்க்கிறீர்கள். ஆனாலும் பசித்தவனுக்கு முன்னால் சோற்றோடு வேறு எதையாவது வைத்தால், அவன் எதற்காகக் கை நீட்டினான் என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அது அவனுக்கும் அநியாயம், சுவிசேஷத்துக்கும் அநியாயம்.

நான் சுவிசேஷத்தை விசுவாசிக்கிறவள். அதை வெளிப்படையாகச் சொல்ல நமக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. ஆகவேதான் கேட்கிறேன்: உணவுப் பைக்குள் சுவிசேஷக் கைப்பிரதி வைக்காதீர்கள். சாப்பாட்டுக்கு முன்னால் பசியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அரை மணி நேரம் பிரசங்கம் பண்ணாதீர்கள். யாருடைய பெயரையும் ஆராதனைக்கு வந்தாரா என்று பார்த்து லிஸ்டில் சேர்க்காதீர்கள், வராததால் நீக்கவும் நீக்காதீர்கள். ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த ஆண்டவர், மறுநாள் அப்பத்துக்காகவே தேடி வந்தவர்களிடம், அதற்காகத்தான் வந்தீர்கள் என்று மறைக்காமல் சொன்னார். ஆனால் முதல் நாள் புல்லின் மேல் உட்கார்ந்தவர்களில் யார் என்னைப் பின்பற்றுவீர்கள் என்று கேட்டுவிட்டு அவர் அப்பம் கொடுக்கவில்லை.

பந்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்தச் சேகரத்திலாவது சில தெருக்காரர்கள் கடைசிப் பந்திக்குக் காத்திருப்பது வழக்கமாக இருந்தால், சில பேர் சமையலுக்கு விறகு பிளக்கலாம் ஆனால் பரிமாறக் கூடாது என்று இருந்தால், அந்த அசனத்தை ஆண்டவர் ஏற்க மாட்டார். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான், அதாவது குடித்திருக்கிறான், என்று கொரிந்து சபையைப் பவுல் கடிந்துகொண்டதும் இதற்காகத்தான். இதற்கு வழி அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. அன்றாட விசாரணையில் எங்கள் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்று கிரேக்கு பேசுகிறவர்கள் முறுமுறுத்தபோது அப்போஸ்தலர்கள் ஏழு பேரை நியமிக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் கையிலேயே பந்திவிசாரணையைக் கொடுத்துவிட்டார்கள்! நம் அசனக் கமிட்டிகளில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்? காலனித் தெருவிலிருந்து எத்தனை பேர்? வாங்குகிறவர்கள் என்று நாம் நினைப்பவர்களில் இரண்டு பேரையாவது இந்த வருஷம் முடிவெடுக்கிற இடத்தில் உட்கார வையுங்கள். யாருக்கு எது தேவை என்று அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். வெளிநாட்டிலிருந்து வரும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். உள்ளூர் சபைகள் வழியாக இந்தியாவில் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சாப்பாடும் படிப்பும் கொடுத்துவந்த கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்க நிறுவனம், வெளிநாட்டுப் பணம் அனுப்ப அனுமதி கிடைக்காமல், 2017 மார்ச்சில் இங்கே வேலையை நிறுத்த வேண்டி வந்தது. 2020-ல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி, அனுமதி பெற்ற ஒரு நிறுவனம் தனக்கு வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. இந்தச் சட்டத்தைப் பற்றி எனக்கு மனவருத்தம் உண்டு, அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. ஆனால் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோதே, நம் பணத்தில் நம் ஆட்களைக் கொண்டு நாமே செய்வோம் என்றுதான் நம் முன்னோர் உறுதி எடுத்தார்கள். அப்போது அவர்களிடம் இருந்ததைவிட நம்மிடம் அதிகம் இருக்கிறது.

அம்மாமார்களே, கைப்பிடி அரிசியை மறந்துவிட்டோமே! உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, மாதம் ஒரு முறை ஆலயத்தில் கொண்டுவந்து கொட்டுவார்கள் நம் ஆச்சிமார். மிசோரம் பிரஸ்பிடேரியன் சபைப் பெண்கள் இதே வழக்கத்தை 1910-லிருந்து இன்றுவரை விடாமல் செய்கிறார்கள். கலயத்தில் சேர்கிற அந்த அரிசியை விற்று வருஷா வருஷம் கோடிக்கணக்கான ரூபாய் திரட்டி மிஷன் வேலை நடத்துகிறார்கள். அவர்கள் பணக்கார மாநிலம் இல்லை. நம் சபைகளில் இப்போது ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காய் ஆயிரக்கணக்கில் போகிறது. அதை நான் பழிக்கவில்லை, அது காணிக்கை. அந்த ஏலத்தில் வருவதில் பத்தில் ஒரு பங்கை உணவு விசாரணைக்கு என்று எழுதி வையுங்கள். அசனத்துக்கு வருகிற அரிசியில் பத்து மூட்டைக்கு ஒன்றை எடுத்து வையுங்கள். கைப்பிடி அரிசிக் கலயத்தை மறுபடியும் வீடுகளுக்குக் கொண்டுபோங்கள். இப்போது யாரும் அரிசியாகத் தர விரும்பாவிட்டால் பருப்பாகத் தரட்டும், முட்டையாகத் தரட்டும். வரவு செலவை மாதா மாதம் ஆலயத் தாழ்வாரத்தில் ஒட்டுங்கள், வாங்குகிறவர் பெயர் இல்லாமல்.

சமைக்க ஆள் இல்லை என்றும் சொல்ல வேண்டாம். ஐயாயிரம் பேருக்குச் சமைக்கத் தெரிந்த சபைகளுக்கு முப்பது பேருக்குச் சமைப்பது பெரிய காரியமா? பாத்திரங்கள் ஆலயக் கிடங்கில் வருஷம் பூராவும் கவிழ்ந்து கிடக்கின்றன. வாரத்தில் மூன்று நாள் போதும், தொடங்குவதற்கு. வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகளிடம் பைக் இருக்கிறது. சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பாமல், ஆச்சியிடம் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். மருந்து தீர்ந்ததா, கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்டு வரட்டும்.

இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும்படி சேகரத் தலைவர் ஐயர்மாரைத் தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன். தெருவுக்கு இரண்டு பேர் வீதம் குறித்து, மதமோ சாதியோ கேட்காமல், தனியாக இருக்கிற முதியோர், விதவைகள், படுக்கையில் இருப்போர், வேலை இழந்த குடும்பங்கள் யார் யார் என்று மழைக்கு முன்னால் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டு சபை ஊழியர் கையில் இருக்கட்டும். எங்கள் சேகரத்தில் அந்த வேலைக்கு என் பெயரை நானே கொடுத்துவிட்டேன்.

கர்த்தருடைய பணியில்,
சேகரத்தின் மாதர் சங்க அங்கத்தினர் ஒருவர்